தீர்ப்புக்குப் பின் ஒரு படிப்பு

ஊரில் ஒரு கொலை வழக்கு நடந்தால் நம்மவர் அதனை விடாமல் பின்தொடர்வார்கள். கத்தி எங்கே கிடைத்தது, சாட்சி எவ்விடத்தில் பிறழ்ந்தான், வக்கீல் குறுக்கு விசாரணையில் யாரை எப்படி மடக்கினார் என்பதையெல்லாம் டீக்கடைப் பெஞ்சில் அமர்ந்து, நீதிபதியைக் காட்டிலும் நிதானமாக ஆராய்ந்து, ஆயுள் தண்டனை என்று தினசரியில் தலைப்பு வந்த மாத்திரத்தில் பத்திரிகையை மடித்து வைத்துவிட்டு எழுந்து போய்விடுவார்கள். அப்பால் அந்த மனிதன் வண்டியில் ஏற்றப்பட்டு எங்கே போனான், விடியற்காலையில் எத்தனை மணிக்கு அவனை எழுப்புகிறார்கள், பகலெல்லாம் என்ன வேலை செய்கிறான், யார் அவனோடு முகம் கொடுத்துப் பேசுகிறார்கள், பல ஆண்டு கழித்து வெளியே வரும்போது பஸ்ஸில் ஏறிச் சொந்த ஊருக்குப் போய்ச்சேர அவனுக்கு வழி தெரியுமா என்னும் கேள்விகள் எவர் மனத்திலும் எழுவதில்லை. 'மாமியார் வீடு', 'கம்பி எண்ணுகிறான்', 'களி தின்கிறான்' என்று மூன்று பரிகாசச் சொற்களைப் பேச்சு வழக்குக்குத் தந்துவிட்டதோடு, அவ்விஷயத்தில் தன் கடமை தீர்ந்ததென்று நமது சமுதாயம் கருதிவிட்டது.

எல்லாரும் எழுந்து போன பிறகும் உட்கார்ந்து படிக்க வேண்டிய படிப்பு ஒன்று உண்டு. குற்றவியல் என்றும், குற்ற நீதி நிர்வாகம் என்றும், சீர்திருத்த நிர்வாகம் என்றும் பல பெயர்களில் அது நம் பல்கலைக்கழகங்களில் வழங்குகிறது. மகள் இதில் சேரப்போவதாகச் சொன்னவுடன், "வக்கீலாகப் போகிறாயா, போலீஸாகப் போகிறாயா?" என்று கேட்காத பெற்றோர் குறைவு. இரண்டும் இல்லை என்று அவள் சொன்னால் வீட்டில் கலவரந்தான். செய்தவன் யார் என்று தேடுவது தடய அறிவியல். செய்தது எந்தப் பிரிவின்கீழ் வருகிறது என்று பார்ப்பது சட்டம். ஏன் செய்தான், இனி அவனை என்ன செய்வது என்று கேட்பது குற்றவியல். இந்த மூன்றாவது கேள்விக்கு ஒரே வரியில் விடை எழுத இயலாதாகையால்தான் அதற்கென்று ஒரு தனித்துறையும், இரண்டாண்டு முதுகலைப் பட்டமும், அதற்கு மேல் ஆராய்ச்சியும் தேவைப்படுகின்றன.

துப்பறியும் சாம்புவைப் படித்து வளர்ந்தவர்களும், இக்காலத்தில் தொலைக்காட்சித் தொடர்களைப் பார்த்து வளர்ந்தவர்களும், பூதக்கண்ணாடியோடு அலையப்போகிறோம் என்ற ஆசையில் இந்த வகுப்புக்கு வந்து உட்காருகிறார்கள். முதல் பருவத்திலேயே அவர்களுக்கு எதிர்ப்படுகிறவரோ 1764-ஆம் ஆண்டில் சிறு நூலொன்றை வெளியிட்ட பெக்காரியா என்னும் இத்தாலியர். தண்டனையின் கொடுமையைக் காட்டிலும் அதன் நிச்சயமே மனிதனைக் குற்றத்தினின்றும் தடுக்கும் என்பது அவருடைய வாதம். அவருக்கு நூறாண்டு பிந்தி லொம்ப்ரோஸோ என்னும் வைத்தியர் கைதிகளின் மண்டையையும் தாடையையும் காதையும் அளந்து பார்த்து, குற்றவாளி பிறக்கும்போதே குற்றவாளியாகப் பிறக்கிறான் என்ற ஒரு சித்தாந்தத்தை 1876-இல் நிலைநாட்டப் புறப்பட்டார். பிற்காலத்து விஞ்ஞானம் அதனைத் தள்ளிவிட்டது. ஆயினும் வகுப்பில் அதனை ஏன் இன்னும் போதிக்கிறார்கள் என்று சலித்துக்கொள்ளும் தமிழ் மாணவன் இத்தாலிக்குப் போக வேண்டியதில்லை. மதுரைக்கு மேற்கே போனால் போதும்.

லொம்ப்ரோஸோவின் நூல் வருவதற்கு ஐந்தாண்டு முன்னரே, 1871-இல், ஒரு ஜாதி முழுவதையும் பிறவிக் குற்றவாளிகளென்று பதிவு செய்யும் சட்டத்தை வெள்ளைக்காரர் இந்நாட்டில் இயற்றிவிட்டனர். 1911-ஆம் ஆண்டின் புதிய சட்டத்தால் அது சென்னை மாகாணத்துக்கும் வந்து சேர்ந்தது. அதற்கு ஜனங்கள் இட்ட பெயர் ரேகைச் சட்டம். களவு செய்தவனும் செய்யாதவனும், ஏர் உழுது பிழைத்தவனும், வயசுக்கு வந்த ஆண்பிள்ளை என்ற ஒரே காரணத்துக்காகக் கைரேகை வைக்கவேண்டியிருந்தது. இரவில் தன் வீட்டுத் திண்ணையில் படுத்துறங்கும் சுதந்தரமும் பலருக்கு இல்லாமற் போயிற்று. ரேகை வைக்க மறுத்த, மதுரைக்கு மேற்கேயுள்ள பெருங்காமநல்லூரில் 1920 ஏப்ரல் 3-ஆம் நாள் துப்பாக்கிச் சூடு நடந்தது. பதினாறு உயிர்கள் போயின. அவற்றுள் ஒன்று பெண்ணுயிர். 1947-இல் அச்சட்டம் சென்னை மாகாணத்தில் நீக்கப்பட்டது. அச்சட்டத்தின் காலத்தில், அதற்கு ஆளான கள்ளர் சமூகத்தாருக்கெனத் தொடங்கப்பெற்ற கள்ளர் சீரமைப்புப் பள்ளிகள் மட்டும் இன்றும் அந்தப் பக்கத்தில் நடந்துவருகின்றன. ஒரு சித்தாந்தம் புத்தகத்தில் தவறாயிருந்தால் அதனால் நஷ்டம் சொற்பமே. அதே தவறு போலீஸ் நிலையத்துப் பதிவேட்டில் ஏறிவிட்டால் தலைமுறைகள் அதற்கு விலை கொடுக்கின்றன. பெருங்காமநல்லூரைச் சொல்லாமல் லொம்ப்ரோஸோவை நடத்திமுடிக்கும் ஆசிரியர் தமிழ்நாட்டில் பாதிப் பாடத்தையே நடத்தியவராவார் என்பது என் அபிப்பிராயம்.

இனித் தண்டனையியல் என்னும் பகுதி. சிறையைச் சீர்திருத்தும் எண்ணம் மேனாட்டிலிருந்து நமக்கு வந்ததென்று எழுதுகிறவர்கள் மணிமேகலையை மறந்துவிடுகிறார்கள். அக்காப்பியத்தின் பத்தொன்பதாவது காதைக்குச் சிறைக்கோட்டம் அறக்கோட்டமாக்கிய காதை என்றே பெயர். வேண்டும் வரம் யாதென்று சோழ மன்னன் கேட்க, சிறைச்சாலையை அறச்சாலையாக ஆக்கித்தர வேண்டுமென்று அந்தத் துறவிப் பெண் கேட்கிறாள். அவனும் அவ்வாறே செய்கிறான். காப்பியத்தில் ஒரு காதையில் முடிந்த காரியத்தைச் சர்க்கார் கமிட்டிகள் நூறாண்டாகச் செய்துகொண்டிருக்கின்றன. 1919, 20-ஆம் ஆண்டுகளில், சென்னை அரசாங்கத்தில் உயர்பதவி வகித்த ஸர் அலெக்ஸாண்டர் கார்டியூவின் தலைமையில் ஒரு குழு இந்நாட்டுச் சிறைகளையும் அந்தமானையும் அயல்நாடுகள் சிலவற்றின் சிறைகளையும் சுற்றிப் பார்த்து, கைதியைத் திருத்துவதும் சிறையின் நோக்கமாதல் வேண்டும் என்று எழுதிவைத்தது. அதற்கு ஓராண்டு கழித்து, 1921 டிசம்பர் முதல் 1922 மார்ச் வரையில், வேலூர்ச் சிறையில் கைதியாயிருந்த ராஜாஜி அங்கு தாம் கண்டவற்றை நாள்தோறும் குறித்துவைத்தார். குழுவின் அறிக்கையையும் கைதியின் நாட்குறிப்பையும் அருகருகே வைத்துப் படிப்பவருக்கு, மேலேயிருந்து பார்த்தால் சிறை எப்படித் தோன்றும், உள்ளேயிருந்து பார்த்தால் எப்படித் தோன்றும் என்பது விளங்கும்.

சுதந்தரத்துக்குப் பின்னர் 1951-இல் வால்டர் ரெக்லெஸ் என்னும் அமெரிக்கக் குற்றவியல் பேராசிரியர் ஐக்கிய நாடுகள் சபையின் சார்பில் இங்கு வந்து, இந்தியச் சிறை நிர்வாகத்தைப் பற்றி ஓர் அறிக்கை தந்தார். 1980-இல் நீதிபதி முல்லாவின் தலைமையில் இன்னொரு குழு அமைந்தது. இத்தனைக்கும் நடுவே 1894-ஆம் ஆண்டின் சிறைச் சட்டம் அசையாமல் நின்றது. அதற்கு மாற்றாக ஒரு மாதிரிச் சட்டத்தை மத்திய அரசு மாநிலங்களுக்கு அனுப்பியது 2023-இல்தான். சிறை என்பது அரசியலமைப்பின்படி மாநிலங்களின் பொருளாகையால், அனுப்புவதற்கு மேல் மத்திய அரசு செய்யக்கூடியது அதிகமில்லை.

ஆனால் இப்படிப்பின் உயிர்நிலை சிறையன்று, சிறைக்கு அனுப்பாதிருத்தலே என்று சொல்லத் துணிவேன். அதனை விளக்க ஒரு செருப்புத் தொழிலாளியின் கதையைச் சொல்ல வேண்டும். ஜான் அகஸ்டஸ் என்பவர் அமெரிக்காவில் பாஸ்டன் நகரத்தில் பூட்ஸ் தைத்துப் பிழைத்தவர். 1841-ஆம் ஆண்டு ஒருநாள் நியாயஸ்தலத்தில் நின்றிருந்தபோது, குடித்துவிட்டுத் தெருவில் கிடந்த குற்றத்துக்காகக் கொண்டுவரப்பட்ட ஒருவனைப் பார்த்து, அவனுக்குத் தாம் ஜாமீன் நிற்பதாகச் சொன்னார். மூன்று வாரம் கழித்து அந்த ஆள் மீண்டும் வந்து நின்றபோது அடையாளமே தெரியவில்லையாம். நீதிபதி அவனுக்கு ஒரு சென்ட் அபராதமும் கோர்ட்டுச் செலவும் விதித்து வீட்டுக்கு அனுப்பினார். அன்று தொடங்கியவர், தம் இறுதிக் காலம் வரையில் ஆயிரத்துத் தொள்ளாயிரத்துக்கு மேற்பட்டவர்களுக்கு அவ்வாறு பிணை நின்றார். சம்பளம் கிடையாது, பட்டம் கிடையாது, பகலில் ஜனங்களைத் தேடி அலைந்தமையால் தொழிலும் கெட்டது. உலகெங்கும் இன்று நன்னடத்தை அலுவலர் என்று வழங்கும் உத்தியோகத்துக்கு மூலபுருஷர் அவரே.

இவ்விஷயத்தில் நம் மாகாணம் பிற மாகாணங்களுக்குப் பின்தங்கியதன்று. சிறாருக்கெனத் தனிச்சட்டத்தை இந்தியாவில் முதன்முதல் 1920-இல் இயற்றியது சென்னை. நன்னடத்தையின் பேரில் குற்றவாளிகளை விடுவிக்கும் சட்டத்தையும் 1930-களிலேயே கொண்டுவந்தது. நாடு முழுமைக்குமான சட்டம் 1958-இல் வந்தது. இருபத்தொரு வயது நிரம்பாதவன் ஆயுள் தண்டனைக்குரியதல்லாத குற்றமொன்றைச் செய்து தீர்ப்பும் ஆகிவிட்டால், அவனைச் சிறைக்கு அனுப்புமுன் நன்னடத்தை அலுவலரின் அறிக்கையைத் தருவித்துப் பார்க்க வேண்டும் என்றும், அனுப்பியே தீரவேண்டுமென்றால் அதற்குரிய காரணத்தை எழுதிவைக்க வேண்டும் என்றும் அச்சட்டத்தின் ஆறாவது பிரிவு நீதிமன்றத்தைக் கட்டுப்படுத்துகிறது. பன்னிரண்டாவது பிரிவு அதனினும் கருணையுடையது: அவ்வாறு விடுவிக்கப்பட்டவனுக்கு அந்தத் தீர்ப்பினால் வரும் தகுதியிழப்பு எதுவும் ஒட்டாது. ஒரு பையனின் வாழ்நாள், ஆக, ஓர் அரசாங்க ஊழியர் எழுதும் இரண்டு பக்கக் காகிதத்தில் தொங்குகிறது.

அந்தக் காகிதம் எழுதப்படுவதை நான் ஒருமுறை பார்த்திருக்கிறேன். அந்த உத்தியோகத்திலிருந்த நண்பரோடு, பஸ் போகும் கடைசி ஊர் வரையில் பஸ்ஸிலும், அப்பால் இரண்டு மைல் நடந்தும் போனோம். பையனுக்குப் பத்தொன்பது வயது. கிணற்று மோட்டாரின் செம்புக் கம்பியை அறுத்து விற்றது குற்றம். நண்பர் நேரே வீட்டுக்குப் போகவில்லை. டீக்கடையில் உட்கார்ந்து, மழை பெய்ததா, நூறு நாள் வேலை நடக்கிறதா என்றெல்லாம் அரைமணி நேரம் பேசிவிட்டு, கடைசியில்தான் அந்த வீடு எது என்று கேட்டார். வாசலில் தாயார் விறகு பிளந்துகொண்டிருந்தாள். எங்களைக் கண்டதும் அரிவாளைக் கீழே போட்டு எழுந்து, "ஐயா, போலீஸா?" என்றாள்.

"போலீஸ் இல்லம்மா. கோர்ட்டுலேருந்து. தம்பியப் பத்தி விசாரிச்சு எழுதிக் குடுக்கணும்."

"என்னத்தய்யா எழுதுவீங்க?"

"நீங்க சொல்றதத்தான்."

அவள் சொல்லத் தொடங்கினாள். நண்பர் குறித்துக்கொண்டது அவள் அழுததையன்று. ரேஷன் அட்டையில் எத்தனை பெயர், பையன் எந்த வகுப்பில் நின்றான், எந்த மாதத்தில் நின்றான், இராத்திரி எத்தனை மணிக்கு வீடு திரும்புவான், யாருடன் சுற்றுவான், தகப்பன் குடிப்பானா, கம்பி விற்ற பணத்தில் என்ன வாங்கினான் என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். பணம் தங்கையின் பள்ளிக்கூடத்துச் செருப்புக்கும், மீதி பிராந்திக் கடைக்கும் போயிற்று என்று தெரிந்தது, இரண்டையும் எழுதிக்கொண்டார். பிறகு கம்பி பறிகொடுத்த கிணற்றுக்காரரைப் போய்ப் பார்த்தார். அதுதான் எனக்கு வியப்பாயிருந்தது. கிணற்றுக்காரர் முதலில் அவனைக் கட்டிவைத்து உரிக்க வேண்டும் என்றார். மோட்டாரைச் சரிசெய்ய ஆன செலவை எட்டுமுறை சொன்னார். புறப்படும் சமயத்தில், "எங்கிட்டயே வேலை செஞ்சு கழிக்கட்டும்னு எழுதுங்க" என்றார். திரும்பும் பஸ்ஸில் நண்பர் என்னிடம், "செருப்பை மட்டும் எழுதினால் வக்கீல் எழுதியது போலாகும், பிராந்தியை மட்டும் எழுதினால் போலீஸ் எழுதியது போலாகும்" என்றார். குற்றவியல் பயின்றவர் அவர் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

இந்தப் படிப்பு எங்கெங்கே கிடைக்கிறது என்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். இந்தியப் பல்கலைக்கழகங்களுள் மத்தியப் பிரதேசத்துச் சாகர் பல்கலைக்கழகம் 1959-இலேயே இதற்கென ஒரு துறையைத் தொடங்கிற்று. பம்பாயில் டாட்டா சமூக அறிவியல் கழகம், கைதிகளோடும் அவர்தம் குடும்பங்களோடும் நேரில் பழகிப் பணிசெய்யும் முறையில் மாணவரைப் பயிற்றுவித்துப் பெயர் பெற்றது. தமிழ்நாட்டில் சென்னைப் பல்கலைக்கழகத்தின் குற்றவியல் துறையும், நெல்லை அபிஷேகப்பட்டியிலுள்ள மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகத்தின் துறையும் முதன்மையானவை. 1970-இல் தோன்றிய இந்தியக் குற்றவியல் சங்கம் சென்னையையே தலைமையிடமாகக் கொண்டது. குற்றத்தால் பாதிக்கப்பட்டவர் பக்கம் நின்று ஆராயும் பாதிக்கப்பட்டோரியல் என்னும் கிளை இந்நாட்டில் தழைத்ததற்கு, சென்னையில் போதித்துப் பின்னர் நெல்லையில் துணைவேந்தராயிருந்த பேராசிரியர் கே. சொக்கலிங்கத்தின் உழைப்பு பெரிதும் காரணம். களவு கொடுத்தவனையும் கற்பழிக்கப்பட்டவளையும் சாட்சிக் கூண்டில் ஏற்றி இறக்கிவிட்டு மறந்துபோகும் நீதிமுறையை அந்தக் கிளை உறுத்திக்கொண்டேயிருக்கிறது. இவையன்றி, கலைக்கல்லூரிகள் சிலவற்றில் இளங்கலைப் பட்டமும், திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தில் அஞ்சல்வழிப் பாடமும் உண்டு. அஞ்சல்வழியில் படிப்பவர்களுள் காவலர்களும் இருக்கிறார்கள். சில வேளைகளில் கைதிகளும் இருக்கிறார்கள்.

பாடத்தில் சமூகவியலும் உளவியலும் கால்பங்கு, சட்டம் கால்பங்கு, புள்ளியியலும் ஆராய்ச்சி முறையும் மாணவர் எல்லாரும் ஒருமனதாக வெறுக்கும் கால்பங்கு. எஞ்சியது களப்பணி. அதுதான் படிப்பின் சாரம். காவல்நிலையம், கூர்நோக்கு இல்லம், நீதிமன்றம், மத்திய சிறை என்று ஒவ்வோரிடத்திலும் சில வாரம் போய் உட்கார்ந்து பார்க்க வேண்டும். சிறையில் 'மனு' நாள் என்று ஒன்று உண்டு. உறவினர் வந்து கைதியைப் பார்ப்பதற்கு நம் சிறைகளில் வழங்கும் சொல் அது. நெடுங்காலம் இந்தப் பக்கம் பத்துப்பேர், அந்தப் பக்கம் பத்துப்பேர், நடுவே கம்பி வலை என்றிருந்தது. எல்லாரும் ஒரே சமயத்தில் கத்திப் பேசியதால் ஒருவருக்கும் ஒன்றும் கேட்காது. மனைவி சொல்வது அடுத்தவன் காதில் விழும். குழந்தை வலைக்குள் விரலை நுழைக்கும். புத்தகத்தில் 'குடும்பப் பிணைப்பும் மறுவாழ்வும்' என்று தலைப்பிட்டிருக்கும் அத்தியாயத்தை அன்று பிற்பகல் படிக்கும் மாணவி அதனை வேறு கண்ணோடு படிப்பாள்.

எண்களும் வேண்டுமல்லவா? 2022-ஆம் ஆண்டின் முடிவில் இந்தியச் சிறைகளில் இருந்தவர்கள் 5,73,220 பேர். அச்சிறைகளில் இடமோ 4,36,266 பேருக்கு. உள்ளே இருந்தவர்களில் 4,34,302 பேர் இன்னும் தீர்ப்பாகாத விசாரணைக் கைதிகள். நூற்றுக்கு எழுபத்தாறு பேர் சட்டத்தின் கண்ணில் நிரபராதிகளாகவே களி தின்றிருக்கிறார்கள். தண்டனையியல் என்று பெயர் வைத்துக்கொண்டு படிக்கப்போகிறவன், தண்டனையே விதிக்கப்படாதவர்கள் நிரம்பிய இடத்தைப் பற்றித்தான் பெரும்பாலும் படிக்கிறான். முதல்முறை சிக்கியவர், தம்மீதுள்ள குற்றத்துக்குரிய உச்ச தண்டனையில் மூன்றிலொரு பங்குக் காலத்தை விசாரணைக் கைதியாகவே கழித்துவிட்டால், கொடிய குற்றங்கள் நீங்கலாக, பிணைமுறியில் அவரை விடுவிக்க வேண்டும் என்று 2024 ஜூலை முதல் நடைமுறைக்கு வந்த புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டம் கூறுகிறது. அந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்து, இன்னார் இத்தனை நாள் இருந்துவிட்டார் என்று நீதிமன்றத்துக்கு நினைவூட்ட ஆள் வேண்டுமே. அந்த ஆள் எங்கே?

இங்கேதான் உத்தியோகத்தைப் பற்றிப் பேசவேண்டியிருக்கிறது. பேசும்போது ஒளிவுமறைவு கூடாது. அமெரிக்காவில் இப்படிப்பு பெருகியதற்குக் காரணம் 1968-ஆம் ஆண்டுச் சட்டமொன்றின் வழியே அரசாங்கம் போலீஸாருக்கும் மாணவருக்கும் கடனும் உதவித்தொகையும் வாரிக் கொடுத்தமை. அங்கே பணமும் உத்தியோகமும் முன்னே வர, பட்டம் பின்னே வந்தது. நம் நாட்டில் பட்டம் வந்துவிட்டது. உத்தியோகம் வரும் வழியில் இருக்கிறது. போலீஸ் சப்-இன்ஸ்பெக்டர் தேர்வுக்கு எந்தப் பட்டமாயினும் போதும். குற்றவியல் படித்தவனும் தாவரவியல் படித்தவனும் ஒரே வரிசையில் நின்று கயிறு ஏறுகிறார்கள். சிறை அலுவலர் பதவிக்கு அரசுப் பணியாளர் தேர்வாணையம் தேர்வு நடத்துகிறது. இடங்களோ விரல்விட்டு எண்ணத்தக்கவை. இளைஞர் நீதிக் குழுமத்தில் நீதித்துறை நடுவரோடு அமரும் சமூகப் பணியாளர் இருவருக்குரிய தகுதியைச் சொல்லவந்த 2015-ஆம் ஆண்டுச் சட்டம், குழந்தை உளவியல், மனநல மருத்துவம், சமூகவியல், சட்டம் என்று பட்டங்களை அடுக்குகிறது. குற்றவியல் அந்த அடுக்கில் இல்லை. ஏழாண்டு குழந்தைகள் நலப்பணி செய்த அனுபவத்தைக் காட்டி வேண்டுமானால் நுழையலாம். குற்றத்தைப் படித்தவருக்குப் பெயர் சொல்லி இடம் கொடாமல், அவரைப் பின்வாசல் வழியே வரச் சொல்லும் விநோதத்தை என்னவென்பது?

இன்னொரு விநோதமும் உண்டு. சிறையில் கைதியோடு இராப்பகலாக முகத்துக்கு முகம் நிற்பவர் வார்டர். அவருடைய பதவிக்கு, காவலர்களுக்கும் தீயணைப்போருக்கும் சேர்த்துச் சீருடைப் பணியாளர் தேர்வுக் குழுமம் நடத்தும் பொதுத் தேர்வு. பத்தாம் வகுப்புப் போதும். மேலே போகப்போகப் படிப்புக் கூடுகிறது, கைதியைக் காணும் நேரம் குறைகிறது. வார்டரின் ஒரு சொல், நடுஇரவில் அழும் ஒருவனை உயிரோடு வைத்திருக்கவும் கூடும், கயிற்றைத் தேடச் செய்யவும் கூடும். இதனை உணர்ந்துதான் தென்மாநிலங்கள் கூடி 1979-இல் வேலூர்த் தொரப்பாடியில், ராஜாஜி இருந்த ஊரிலேயே, சிறைப் பணியாளர்க்கெனப் பயிற்சிக் கழகமொன்றை நிறுவின. குற்றவியலும் உளவியலும் அங்கே காக்கி உடுத்தவர்களுக்குக் கற்பிக்கப்படுகின்றன. கற்பிக்கும் வேலை, குற்றவியல் முதுகலை பெற்றவருக்கு மிகப் பொருத்தமான வேலைகளுள் ஒன்று. கல்லூரி ஆசிரியராக விரும்புவோர்க்குத் தேசியத் தகுதித் தேர்வில் குற்றவியல் ஒரு தனிப்பாடமாகவே இருக்கிறது.

நன்னடத்தை அலுவலர், சிறை நல அலுவலர், சிறை உளவியலாளர், மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகில் பணியாளர், வன்முறைக்குட்பட்ட பெண்களுக்கான மையத்தில் ஆலோசகர் என்று அரசாங்கப் பணிகளையும் ஒப்பந்தப் பணிகளையும் கலந்து ஒரு பட்டியல் போடலாந்தான். ஒப்பந்தம் என்றால் சம்பளம் சொற்பம், நிரந்தரம் சந்தேகம். பணம் இருக்குமிடம் வேறு. இணையவழி மோசடியில் சேமிப்பை இழந்தவர் 1930 என்ற எண்ணை அழைக்கும் இந்நாளில், வங்கிகளும் காப்பீட்டு நிறுவனங்களும் கணினி நிறுவனங்களும் மோசடியை ஆராயத் தெரிந்தவரைத் தேடுகின்றன. சென்னைப் பல்கலைக்கழகமே இணையத் தடயவியலில் அறிவியல் முதுகலைப் பட்டமும் நடத்துகிறது. அந்தப் பட்டத்தோடு வெளிவரும் பிள்ளைகள் முதல் மாதத்திலேயே பெறும் சம்பளத்தைக் கிராமத்துக்கு நடந்துபோய் அறிக்கை எழுதிய என் நண்பர் ஓய்வு பெறும் தறுவாயில் பெற்றாரா என்பது சந்தேகமே. திருடனுக்குச் செம்புக் கம்பி போய்க் கைப்பேசி வந்ததுபோலப் படிப்புக்கும் காலம் மாறுகிறது. அதைக் குறைகூறிப் பயனில்லை.

ஆயினும் இன்னும் பத்தாண்டில் எந்தப் பக்கம் ஆள் தேவைப்படும் என்று என்னைக் கேட்டால், நான் கிராமத்துப் பஸ்ஸையே காட்டுவேன். 2024 ஜூலையில் வந்த புதிய தண்டனைச் சட்டம், சிறு களவு, பொதுவிடத்தில் குடித்துவிட்டுத் தொல்லை தருதல் முதலிய சில குற்றங்களுக்குச் சமுதாய சேவையைத் தண்டனையாக வைத்திருக்கிறது. ஊதியமின்றிச் சமுதாயத்துக்குப் பயன்படும் வேலை என்று புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டம் அதற்கு விளக்கமும் தந்திருக்கிறது. ஆஸ்பத்திரியைப் பெருக்கச் சொல்லி ஒருவனை அனுப்பினால், அவன் வந்தானா, பெருக்கினானா, பெருக்கியதாகக் கையெழுத்து மட்டும் போட்டானா என்று பார்ப்பவர் ஒருவர் வேண்டும். ராஜஸ்தானத்தில் சாங்கானேர் என்னுமிடத்தில் 1963 முதல் ஒரு திறந்தவெளிச் சிறை நடக்கிறது. கைதிகள் பெண்டு பிள்ளைகளோடு குடியிருந்து, காலையில் வெளியே கூலிவேலைக்குப் போய், மாலையில் ஆஜர் கொடுக்கத் திரும்புகிறார்கள். நம் மாநிலத்திலும் கோவைச் சிங்காநல்லூரிலும் சிவகங்கைப் புரசடை உடைப்பிலும் மதிலில்லாத சிறைகள் உண்டு. கைதிகள் அங்கே பயிர் செய்கிறார்கள். மதில் குறையக்குறைய, மதிலின் வேலையை மனிதர் செய்யவேண்டியதாகும். அத்தகைய மனிதரை எந்தத் தேர்வாணையமும் கயிறு ஏறச் சொல்லிப் பொறுக்கி எடுக்க முடியாது.

களப்பணிக்கு முதல்நாள் மத்திய சிறைக்குப் போன மாணவி ஒருத்தி என்னிடம் சொன்னது இது. பெரிய கதவு திறக்கவில்லை. அதிலுள்ள திட்டிவாசலைத் திறந்து, தலை குனிந்து வரச் சொன்னார்கள். கைப்பேசியை வாங்கி வைத்துக்கொண்டு, கேட்டில் இருந்த வார்டர் ஒரு நோட்டை நகர்த்தினார். பெயர், ஊர், நேரம், வந்த காரியம் என்று கட்டம் போட்டிருந்தது. அன்று காலையில் அவளுக்கு முன் வந்தவர்கள் காரியம் என்ற கட்டத்தில் 'காய்கறி', 'டாக்டர்', 'மோட்டார் ரிப்பேர்' என்று எழுதியிருந்தார்கள். 'குற்ற நீதி நிர்வாகத்தில் களப்பயிற்சி' என்று எழுத அந்தக் கட்டத்தில் இடமில்லை. அவள் பேனாவைப் பிடித்தபடி நிற்பதைப் பார்த்து வார்டர், "படிக்கன்னு போடும்மா, போதும்" என்றார். போட்டாள். அவர் அதைத் திருப்பி வைத்து ஒருமுறை படித்துப் பார்த்துவிட்டு, உள் கதவின் சாவியை எடுத்தார்.